பாட்டுக்குக் கீழே ஒரு பெயர் போதாது: சபாக்களுக்கு ஒரு திறந்த மடல்

சபாச் செயலாளர்களுக்கும், கச்சேரி நிரல் அச்சிடுபவர்களுக்கும், கச்சேரிக் காணொளிகளுக்கு விவரம் எழுதுபவர்களுக்கும், கீர்த்தனைப் போட்டி நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்களும் பழைய சுரப் புத்தகங்களோடு புழங்குபவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

நிரலில் பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர் என்று நான்கு கட்டம் போடுகிறீர்கள். நான்காவது கட்டம்தான் எங்கள் வழக்கு. தியாகராஜர், அன்னமாசார்யர், சுவாதித் திருநாள், அருணாசலக் கவிராயர் என்று யாராக இருந்தாலும் அந்த ஒரே கட்டத்தில் ஒரே மாதிரி நிரப்பிவிடுகிறீர்கள். அதைப் படிப்பவர், காதில் விழும் மெட்டும் அவரே போட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். பல பாட்டுகளில் அது உண்மை இல்லை.

நாங்கள் கேட்பது, அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதுதான். 'சாகித்யம்' (பாட்டின் சொல்) ஒன்று, 'மெட்டு' ஒன்று. இடம் இருந்தால் 'பாடாந்தரம்' (யார் வழியில் வந்த பாடம்) என்று மூன்றாவதாக ஒரு சிறு கட்டம். ஏன் என்பதை வாக்கேயகாரர் (பாட்டு இயற்றியவர்) வாரியாகச் சொல்கிறோம்.

மும்மூர்த்திகளிடம் சிக்கல் குறைவு. சியாமா சாஸ்திரி (1762–1827), தியாகராஜர் (1767–1847), முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். மூவரும் சொல்லையும் மெட்டையும் தாங்களே செய்தவர்கள். ஆனால் அவர்கள் செய்தது நம் கைக்கு வந்த வழி ஒன்றல்ல. அந்த வழி தெரியாமல் நிரல் எழுதினால் இங்கேயும் சறுக்கும்.

தியாகராஜர் பாடப் பாடச் சீடர்கள் ஓலையில் எழுதிக்கொண்டார்கள். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீட பரம்பரைகள் கிளை பிரிந்தன. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 700 உருப்படிகள். சொற்களை ஓலை காப்பாற்றியது. சங்கதிகளை, அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களை, பெரும்பாலும் குரல்தான் காப்பாற்றியது. அதனால் ஒரே கிருதி ஒரு பரம்பரையில் ஆறு சங்கதியோடும் இன்னொன்றில் பதினைந்து சங்கதியோடும் இருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. ராகத்தின் உடம்பே மாறியதும் உண்டு. 'பண்டுரீதி கோலு' பாட்டின் ஹம்ஸநாத ராகம் 60-ஆவது மேளமான (தாய் ராகமான) நீதிமதியில் பிறந்தது. அதற்கு ஷட்ச்ருதி தைவதம் என்ற சுரம் உரியது. இன்று பெரும்பாலோர் அந்தத் தைவதத்தை விட்டுவிட்டே பாடுகிறார்கள். பழைய பாடத்தை ஒருவர் எடுத்துப் பாடினால், தப்பாகப் பாடுகிறார் என்று முதல் வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. பாடாந்தரக் கட்டத்தில் ஒரு வரி இருந்தால் அந்த முணுமுணுப்புக்கு வேலை இல்லை.

தீட்சிதர் கதை வேறு. அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரின் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யைத் தெலுங்கு லிபியில் அச்சிட்டார். ஒவ்வொரு ராகத்துக்கும் லட்சணம், கீதம், கிருதி, சஞ்சாரி. சுரங்களின் மேல் கமகக் (சுர அசைவுக்கான) குறிகள். முத்துஸ்வாமி தீட்சிதரின் 229 கிருதிகள் அதில் இருக்கின்றன. அவர் பெயரில் இன்று பாடப்படும் மற்றவை பிற்பாடு வேறு வழிகளில் அச்சேறியவை. அவற்றை எல்லாம் போலி என்று நாங்கள் சொல்லவில்லை, பல அருமையானவை. ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதக் கூடாது.

நவக்கிரகக் கீர்த்தனைகளைப் பாருங்கள். ப்ரதர்சினியில் இருப்பவை ஏழுதான். சூரியனுக்குச் சௌராஷ்டிர ராகத்தில் துருவ தாளம், சந்திரனுக்கு அஸாவேரியில் மட்யம், செவ்வாய்க்குச் சுருட்டியில் ரூபகம், புதனுக்கு நாட்டக்குறிஞ்சியில் ஜம்பை, குருவுக்கு அடாணாவில் திரிபுடை, சுக்கிரனுக்குப் பரஸில் அட, சனிக்கு யதுகுலகாம்போஜியில் ஏகம். வாரத்துக்கு ஏழு நாள், சூளாதி எனப்படும் அடிப்படைத் தாளம் ஏழு. கணக்கு அத்தோடு நிறைந்துவிடுகிறது. ராகு, கேது பாட்டுகள் இரண்டும் பின்னால் வந்து சேர்ந்தவை. இரண்டுக்கும் மறுபடி ரூபகம்தான். அமைப்பே காட்டிக் கொடுக்கிறது. ஒன்பதையும் பாடுங்கள், யாரும் தடுக்கவில்லை. நிரலில் மட்டும் அந்த இரண்டுக்கு எதிரே 'தீட்சிதர் பெயரில் வழங்குவது' என்று போடுங்கள். மூன்று சொல்தான்.

சொல் மட்டும் தீட்சிதருடையது, மெட்டு அவருடையது அல்ல என்பதற்கும் உதாரணம் இருக்கிறது: நோட்டுஸ்வரங்கள். 'ஸந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேய ராஜ வாழ்த்துப் பாட்டின் மெட்டில் அமைந்தது. ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணச் சுரங்களில் கமகம் இல்லாமல் சமஸ்கிருதச் சொல் அமைத்தார். இங்கே அவர் சாகித்யகர்த்தா மட்டும்தான். அதுவே அவருடைய வேறொரு திறமையைக் காட்டும் இடம். அதைப் போய் ஏன் மறைக்க வேண்டும்?

மெட்டு ஒருவருடையதாகவும் அதன் அலங்காரம் இன்னொருவருடையதாகவும் இருப்பதும் உண்டு. 'வாதாபி கணபதிம்' இன்று எத்தனை சங்கதிகளோடு பாடப்படுகிறது! ப்ரதர்சினியில் உள்ள பாடம் அடக்கமானது. இப்போதைய சங்கதிகள் பெரும்பாலும் மகா வைத்தியநாத ஐயர் (1844–1893) வழி வந்தவை என்றே வித்வான்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பாடாந்தரக் கட்டத்தில் அவர் பெயருக்கு இடம் கொடுத்தால் தீட்சிதருக்கு ஒரு குறையும் வராது.

சியாமா சாஸ்திரி விஷயத்தில் பிரச்சினை பெயரில் இல்லை, வெட்டுவதில் இருக்கிறது. பைரவி ஸ்வரஜதி 'காமாக்ஷி அனுதினமு'வில் எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஷட்ஜத்தில் தொடங்கும், அடுத்தது ரிஷபத்தில், அதற்கடுத்தது காந்தாரத்தில். இப்படி ஏறி எட்டாவது மேல் ஷட்ஜத்தில் போய் நிற்கும். நேரம் இல்லை என்று நான்கு சரணத்தோடு நிறுத்தினால் மத்தியமத்தில் அந்தரத்தில் விட்டது போல ஆகிறது. நேரம் ஒதுக்குபவர்கள் நீங்கள். ஆகையால் இது உங்களுக்கும் சொல்ல வேண்டியது. ஒன்றேகால் மணி நேரக் கச்சேரியில் இந்த ஸ்வரஜதியைக் கட்டாய உருப்படியாகக் கேட்காதீர்கள். கேட்டால் முழுதாகப் பாட நேரம் கொடுங்கள்.

அவருடைய தாளத்தையும் சரியாகப் போட வேண்டும். பூர்விகல்யாணி 'நின்னுவினாக மரி' விலோம சாபு. வழக்கமான மிச்ர சாபு 3+4, இது 4+3. ஏழு எண்ணிக்கைதானே என்று இரண்டையும் மிச்ர சாபு என்று அச்சிட்டால், அதைப் பார்த்துத் தாளம் போடும் ரசிகர் அரை ஆவர்த்தனத்துக்குள் தடுமாறிப் போவார். பிறகு தன் காதையே சந்தேகப்படுவார்.

இனி, ஒரே பெயரை எழுதுவது முழுக்கத் தவறாகும் இடங்கள்.

அன்னமாசார்யர் (1408–1503) பாட்டுகள் திருமலைக் கோயிலில் செப்பேடுகளில் கிடைத்தன. செப்பேட்டில் சொல் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது, சுரம் இல்லை. எனவே இன்று மேடையில் கேட்கும் அன்னமாசார்யர் மெட்டுகள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் போட்டவை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, பாலமுரளிகிருஷ்ணா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் போட்டவை அவற்றில் பல. ரேவதியில் 'நானாடி பதுகு' கேட்டு உருகுகிறோம். அந்த ரேவதி நேதுநூரியின் கைவண்ணம். 'அன்னமாசார்யர்' என்று மட்டும் அச்சிட்டால் மெட்டமைத்தவரின் உழைப்பை அவர் தலையில் ஏற்றிவிட்டு, உழைத்தவரை வெளியே அனுப்பிவிடுகிறோம். புரந்தரதாசர் தேவர்நாமாக்களிலும் இதே நிலைதான்: சொல் மிஞ்சியது, பழைய மெட்டு பெரும்பாலும் மிஞ்சவில்லை.

சுவாதித் திருநாள் (1813–1846) பாட்டுகளில் பல, ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தேடித் தொகுத்து மெட்டுச் சீர்செய்தவை. 'பாவயாமி ரகுராமம்' முதலில் சாவேரியில் மட்டும் இருந்தது. செம்மங்குடி அதை ராகமாலிகை ஆக்கினார். பல்லவியும் அனுபல்லவியும் சாவேரியில் நின்றன. ஆறு காண்டங்களைச் சொல்லும் ஆறு சரணங்களும் நாட்டக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி, மத்தியமாவதி என்று விரிந்தன. கிஷ்கிந்தா காண்டத்துக்கு முகாரியும் பட்டாபிஷேகத்துக்கு மத்தியமாவதியும் வந்து பொருந்திய அழகை 'சுவாதித் திருநாளின் ராகத் தேர்வு' என்று வருணிக்கும் குறிப்புகள் வருகின்றன. தேர்வு அவருடையது அல்ல.

தமிழ்ப் பாட்டுகளில்தான் இந்த அலட்சியம் அதிகம். சொந்த வீட்டுப் பிள்ளைதானே என்ற எண்ணமோ என்னவோ. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகத்துக்குச் சொல் எழுதினார். இசை அமைத்தவர்கள் சட்டநாதபுரம் கோதண்டராம ஐயரும் வேங்கடராம ஐயரும் என்பது மரபு. ஆக, பிறக்கும்போதே அதற்குச் சாகித்யம் ஓர் இடம், மெட்டு ஓர் இடம். இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பல அந்த இருவருடையவையும் அல்ல. பின்னால் வந்த வித்வான்கள் போட்டவை. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) பதங்களும் கீர்த்தனைகளும் இப்படித்தான். திருப்பாவை முப்பதுக்கும் இன்று கச்சேரியில் வழங்கும் மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) அமைத்தது. நிரலில் 'ஆண்டாள்' என்று மட்டும் இருக்கும். ஊத்துக்காடு வேங்கடகவி உருப்படிகள் நீடாமங்கலம் கிருஷ்ணமூர்த்தி பாகவதர் வழியாக இருபதாம் நூற்றாண்டில் மேடைக்கு வந்தவை. பாடாந்தரக் கட்டத்தில் எழுத வேண்டியது அவர் பெயர்.

பாபநாசம் சிவன் (1890–1973), முத்தையா பாகவதர், 72 மேளங்களிலும் தமிழ்க் கிருதி செய்த கோடீஸ்வர ஐயர் போன்றவர்களுக்கு இரண்டு கட்டத்திலும் ஒரே பெயரை எழுதிவிட்டுப் போகலாம். அங்கே வேலை இல்லை.

அடுத்தது, முத்திரையை, அதாவது இயற்றியவர் பாட்டுக்குள் வைக்கும் அடையாளச் சொல்லை, நம்பி ஏமாறுவது. பாட்டில் 'குருகுஹ' வந்தால் தீட்சிதர், 'தியாகராஜ' வந்தால் தியாகராஜர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வழக்கம் வேரூன்றிவிட்டது. பூர்விகல்யாணி 'ஸாடிலேனி குருகுஹமூர்த்தினி' தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களில் ஒருவரான பொன்னையா, தம் குரு தீட்சிதரைப் போற்றிப் பாடியது. ஆனந்தபைரவி 'த்யாகராஜ யோக வைபவம்', பேகடா 'த்யாகராஜாய நமஸ்தே' இரண்டும் தீட்சிதர் கிருதிகள்; அங்கே தியாகராஜர் என்பது திருவாரூர்ப் பெருமான். சகானா வர்ணம் 'கருணிம்ப' திருவொற்றியூர் தியாகய்யர் செய்தது. அவர் வீணை குப்பய்யரின் மகன். இந்த மூன்று தியாகராஜர்களையும் ஒரே பெயரில் அடைத்த தேடல் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டினால் பிழை நிச்சயம். அதே போல 'வெங்கடேச' என்றால் உடனே ஒரு பெயர் எழுதாதீர்கள். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் (1845–1902) முத்திரை அது என்றாலும், திருப்பதிப் பெருமாளைப் பாடாதவர் யார்?

ஆனந்தபைரவிக் கிருதியை அச்சிடும்போது இன்னொன்றும் செய்யலாம். பல்லவியில் 'த்யாகராஜ யோக வைபவம், அகராஜ யோக வைபவம், ராஜயோக வைபவம், யோக வைபவம், வைபவம், பவம், வம்' என்று சொல் தேய்ந்துகொண்டே போகும் கோபுச்ச யதி. ஒரே வரியில் ஓட்டி அச்சிட்டால் அது வெறும் கூறியது கூறல். வரிக்கு ஒன்றாகப் போடுங்கள். தெரியாதவருக்கும் கண்ணிலேயே புரியும்.

ராகப் பெயரில் ஒரு பழைய தகராறு உண்டு. தீட்சிதர் பள்ளி பின்பற்றியது அஸம்பூர்ண மேள வரிசை (தாய் ராகங்களின் பழைய பட்டியல்). அதில் முதல் மேளம் கனகாம்பரி. இன்று பாடத்தில் இருப்பது கனகாங்கி வரிசை. அதனால் 'ஸித்தி விநாயகம்' சாமரம் என்றும் ஷண்முகப்ரியா என்றும், 'மீனாக்ஷி மே முதம்' கமகக்ரியா என்றும் பூர்விகல்யாணி என்றும் இரண்டு விதமாக அச்சாகின்றன. இரண்டாவதில் 'கமகக்ரியே' என்று சாகித்யத்திலேயே ராகப் பெயர் இருக்கிறது. வழி எளிது: பாடுபவர் சொல்லும் பெயரை முன்னால் போட்டு, மற்றதை அடைப்புக்குள் போடுங்கள். எது சரி என்று நிரலில் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சொற்களையும் அச்சிடுவதானால் பதம் பிரிப்பதில் கவனம் வேண்டும். தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்னக் கிருதிகளில் வராளி ராகத்தில் உள்ளதன் தொடக்கத்தை 'கன கன ருசிரா கனக வஸன' என்று பிரிக்க வேண்டும். முன்னது பார்க்கப் பார்க்க, பின்னது பொன்னாடை. 'கனகன' என்று ஒட்டி, இரண்டுக்கும் பொன் என்றே உரை எழுதியவர்கள் உண்டு. தெலுங்கு, சமஸ்கிருதச் சாகித்யத்துக்குப் பழைய தமிழ்ச் சுரப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் 2, 3, 4 என்று சிறு எண் போடும் முறை உண்டு. பால என்றால் காப்பவன், பா³ல என்றால் குழந்தை, பா⁴ல என்றால் நெற்றி. எண் இல்லாமல் மூன்றும் ஒன்றுதான். இப்போதைய எழுத்துருக்களில் இந்த மேலெண்கள் இருக்கின்றன. தட்டச்சு செய்பவரிடம் சொன்னால் போதும். சாகித்யம் அச்சிடாத நிரலுக்கு இது தேவையில்லை.

நடைமுறைக்கு வருவோம். பாடகர்கள் மேடை ஏறிய பிறகுதான் பாதி உருப்படிகளை முடிவு செய்வார்கள். எனவே முன்கூட்டி அச்சிட்ட பட்டியல் எப்போதும் முழுதாகச் சரியாக இருக்காது. அதற்காக முயற்சியைக் கைவிட வேண்டாம். ஒப்புதல் கடிதம் அனுப்பும்போதே ஒரு பக்கப் படிவம் இணையுங்கள். பாட வாய்ப்புள்ள பத்துப் பன்னிரண்டு உருப்படிகளுக்கு ராகம், தாளம், சாகித்யம், மெட்டு, பாடாந்தரம் என்று கட்டங்கள் போதும். கச்சேரியில் பாடியவற்றை மட்டும் ஒருவர் டிக் செய்துகொண்டே வந்தால், மறுநாள் காணொளி விவரத்தில் போடச் சரியான பட்டியல் தயார். இல்லையென்றால் யாரோ ஒரு தன்னார்வலர் நள்ளிரவில் இணையத்தில் தேடி நிரப்புவார். ஒருவர் தவறு பத்துப் பேர் தவறாவது அங்கேதான்.

மெட்டு யாருடையது என்று தெரியாவிட்டால் 'மரபு' என்று எழுதுங்கள். ஊகத்தில் பெரிய பெயர் எழுத வேண்டாம். வாக்கேயகாரர் வாழ்க்கைக் குறிப்பு போடுவதானால் ஆண்டு, ஊர், குரு, சீடர், மொழி, முத்திரை ஆகியவற்றை முதலில் கொடுங்கள். தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை வந்தது, திருத்தணியில் முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டது போன்றவற்றை விட வேண்டியதில்லை. 'என்று சொல்வார்கள்' என்று முடித்தால் போதும். ஆராதனை நாளைக் குறிப்பிடும்போது திதியையும் போடுங்கள். தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில் (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் திதியில்). ஆண்டுதோறும் தேதி ஏன் நகர்கிறது என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

போட்டி நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. ஸ்வரஜதி, பஞ்சரத்னம் என்று வகை சொல்லும்போது எந்தப் புத்தகத்தின் பாடம், எத்தனை சரணம் என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். ஆரபி 'ஸாதிஞ்செனே'யில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் 'ஸமயானிகி தகு மாடலாடெனே' என்ற இடத்துக்குத் திரும்ப வேண்டும். பல்லவிக்குத் திரும்பும் குழந்தைக்கு மதிப்பெண் குறைக்கலாம். ஆனால் தன் ஆசிரியரின் பாடாந்தரத்தில் ஒரு சங்கதி வேறாக இருக்கிறது என்பதற்காகக் குறைக்கக் கூடாது. நடுவர்களுக்குக் கொடுக்கும் தாளில் இந்த இரண்டையும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதுங்கள்: 'அமைப்புப் பிழை', 'பாடபேதம்'. இரண்டாவதற்கு எதிரே மதிப்பெண் கட்டமே வேண்டாம்.

சீசன் நிரல்கள் அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலிப்பீர்கள் என்று நம்புகிறோம். பழைய நிரல்களைத் திருத்த வேண்டாம். காணொளி விவரங்களைத் திருத்த முடியும். அங்கே சுவாதித் திருநாள், அன்னமாசார்யர், திருப்பாவை மூன்றிலிருந்து தொடங்குங்கள், பிழை அதிகம் இருப்பது அங்கேதான்.

இப்படிக்கு,
பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்கள் சிலர்